பிள்ளையின் படிப்பும் அடுப்படி உப்பும்

திருவண்ணாமலை பேர் பெற்ற ஊர். கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கான ஜனங்கள் அங்கே கூடுகிறார்கள். பவுர்ணமிதோறும் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். கோவிலில் அன்னதானம். மடங்களில் அன்னதானம். ஆசிரமங்களில் அன்னதானம். பசி என்று வந்தவருக்கு இலை போடும் ஊர் அது.

அந்த ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை உப்பு செலவாகும்! வீட்டுச் சமையலில் உப்பு. ஓட்டல் சமையலில் உப்பு. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் உப்பு. அன்னதானக் குழம்பிலும் உப்பு.

அது எந்த உப்பு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் கேட்டே ஆக வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் உடல் வளர்ச்சியும் மூளை வளர்ச்சியும் அந்த உப்பில் இருக்கின்றன.

கழுத்தில் ஒரு சுரப்பி

மனிதனுடைய முன்கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, ஒரு சுரப்பி இருக்கிறது. பட்டாம்பூச்சி சிறகை விரித்ததுபோல் இருக்கும். அதற்குத் தைராய்டு என்று பெயர்.

சுரப்பி சிறியது. அதன் வேலை பெரியது. அதிலிருந்து ஊறும் நீர் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் போகிறது. உடம்பின் சூடு, இதயத்தின் துடிப்பு, எலும்பின் வளர்ச்சி, மூளையின் வளர்ச்சி எல்லாம் அதை நம்பி இருக்கின்றன.

அந்த நீர் ஊறுவதற்கு அயோடின் என்ற சத்து வேண்டும். அயோடின் இல்லாவிட்டால் சுரப்பி திண்டாடுகிறது. கிடைப்பதைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பாடுபடுகிறது. பாடுபட்டுப் பாடுபட்டுப் பெரிதாகிறது. கழுத்து வீங்குகிறது. இதைத்தான் முன்கழுத்துக் கழலை என்கிறோம்.

எவ்வளவு அயோடின் வேண்டும்? மிக மிகச் சொற்பம். 6 வயது முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 120 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு 150 மைக்ரோகிராம். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் 250 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம்.

ஒரு மனிதன் 70 வருஷம் வாழ்ந்தால், அவனுக்கு ஆயுள் முழுவதும் வேண்டிய அயோடின் ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். ஆனால் அதை ஒரே நாளில் சாப்பிட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, தினந்தோறும் உடம்பில் சேர வேண்டும்.

“மக்கு” என்று திட்டாதீர்கள்

கழுத்து வீக்கம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத கேடு அதைவிடப் பெரிது.

தாய் வயிற்றில் குழந்தை இருக்கும்போதே மூளை வளரத் தொடங்குகிறது. அப்போது தாயின் உடம்பில் அயோடின் போதாவிட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். குறை கடுமையாக இருந்தால் குழந்தை செவிடாகவும் ஊமையாகவும் பிறக்கலாம். புத்தி வளராமலும் போகலாம். கருச்சிதைவும் நேரலாம்.

குறை மிகுந்த ஊர்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளை, குறை இல்லாத ஊர்ப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அறிவுத்திறன் சோதனையில் சராசரியாக 12 அல்லது 13 புள்ளிகள் குறைவாக இருந்தன. வகுப்பில் நடுவில் இருக்க வேண்டிய பிள்ளையைக் கடைசி வரிசைக்குத் தள்ள அது போதும்.

பள்ளிப் பருவத்தில் குறை வந்தால் பிள்ளை சோர்ந்து போகும். தூங்கி வழியும். பாடத்தில் கவனம் நிற்காது. குளிர் தாங்காது. தோல் வறண்டு போகும். மலச்சிக்கல் வரும். வயதுக்கு ஏற்ற உயரம் இருக்காது.

இப்படிப்பட்ட பிள்ளையை வீட்டில் “சோம்பேறி” என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் “மக்கு” என்கிறார்கள். பிள்ளைக்கு ஏச்சும் அடியும் கிடைக்கின்றன. குற்றம் பிள்ளையுடையது அல்ல என்றால், அந்த அடிக்கு யார் பதில் சொல்வது?

படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்கு எல்லாம் அயோடின் குறை என்று சொல்ல முடியாது. கண் பார்வை, காது, ரத்தசோகை, வீட்டுக் கஷ்டம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் திட்டுவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டுவது பெற்றோர் கடமை.

கடல் உப்பில் அயோடின் இல்லையா?

“கடல் தண்ணீரில் அயோடின் உண்டு என்கிறார்களே! கடல் உப்பைத்தானே நாம் சாப்பிடுகிறோம்?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. பதில் வேறு.

1811-ம் ஆண்டில் பிரான்சு தேசத்தில் பெர்னார்டு கூர்த்துவா என்பவர் கடற்பாசியின் சாம்பலிலிருந்து அயோடினை முதலில் கண்டார். ஊதா நிறத்தில் ஆவி எழுந்தது. கடற்பாசியிலும் கடல் மீனிலும் அயோடின் நிறைய உண்டு. ஆனால் உப்பளத்தில் கடல் நீரைப் பாய்ச்சி, வெயிலில் காய வைத்து எடுக்கும் உப்பில் தங்குவது மிகச் சொற்பம். பிள்ளையின் தேவைக்கு அது எந்த மூலைக்கும் போதாது.

நிலத்தில் இருக்கும் அயோடினை மழையும் வெள்ளமும் அடித்துக்கொண்டு போய்க் கடலில் சேர்க்கின்றன. மலைப் பகுதிகளிலும் அடிக்கடி வெள்ளம் பாயும் சமவெளிகளிலும் மண்ணில் அயோடின் குறைந்துவிடுகிறது. அந்த மண்ணில் விளையும் நெல்லிலும் காய்கறியிலும் குறைவு. அந்தப் புல்லைத் தின்னும் மாட்டின் பாலிலும் குறைவு.

திருவண்ணாமலை கடற்கரை ஊர் அல்ல. மரக்காணம் உப்பளம் சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கோவிலைச் சார்ந்து வாழும் குடும்பங்களில் மீனே சேர்க்காதவர்கள் பலர். அவர்களுக்கு அயோடின் எங்கிருந்து கிடைக்கும்? உப்பில் சேர்த்தால்தான் கிடைக்கும்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கழுத்துக் கழலைக்கு ஒரு காலத்தில் தண்ணீரே காரணம் என்று நினைத்தார்கள். ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் டாக்டர், வடக்கே கில்கித் மலைப் பகுதியில் இந்த நோயை ஆராய்ந்தார். அழுக்குத் தண்ணீரின் வண்டலைத் தாமே குடித்துப் பார்த்தார்! பிறகு அவர் நம் குன்னூருக்கு வந்தார். 1918-ல் அங்கே சிறிய அளவில் உணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த ஆராய்ச்சிக்கூடம் வளர்ந்து 1958-ல் ஐதராபாத்துக்குப் போயிற்று. இன்று அதுதான் தேசிய உணவூட்ட நிறுவனம்.

அமெரிக்காவில் டேவிட் மரைன் என்ற டாக்டர் வேறு வழியில் போனார். 1917-ல் ஓஹையோ மாநிலத்தில் ஆக்ரான் என்ற ஊரில் பள்ளிச் சிறுமிகளுக்கு வருஷத்தில் இரண்டு தடவை அயோடின் உப்பு மருந்து கொடுத்தார். மருந்து சாப்பிட்டவர்கள் 2 ஆயிரத்துக்கு மேல். அவர்களில் 5 பேருக்குத்தான் கழுத்து வீங்கியது. சாப்பிடாதவர்களும் 2 ஆயிரத்துக்கு மேல். அவர்களில் 495 பேருக்கு வீங்கியது. இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

1922-ல் சுவிட்சர்லாந்தில் சமையல் உப்பில் அயோடினைச் சேர்த்தார்கள். 1924-ல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் அதே வழியில் சென்றது.

நம் நாட்டில் காங்க்ரா பள்ளத்தாக்கு

நம் நாட்டிலும் இதைச் சோதித்துப் பார்த்தவர் டாக்டர் வி. ராமலிங்கசாமி. அவர் ஆந்திராவில் ஸ்ரீகாகுளத்தில் 1921-ல் பிறந்தவர்.

இமயமலை அடிவாரத்தில் காங்க்ரா பள்ளத்தாக்கு இருக்கிறது. இன்று அது இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்தது. அங்கே கழலை நோய் வெகுவாகப் பரவி இருந்தது. 1956-ல் ராமலிங்கசாமியும் அவருடைய சகாக்களும் அந்தப் பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு போயிற்று. ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு போயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கழுத்தைச் சோதித்துக் கணக்கு எழுதினார்கள்.

ஐந்து வருஷம் கழிந்தது. மறுபடியும் சோதித்தார்கள். அயோடின் உப்பு சாப்பிட்ட பகுதிகளில் கழலை நன்றாகக் குறைந்திருந்தது. சாதாரண உப்பு சாப்பிட்ட பகுதியில் குறையவில்லை. உண்மை வெட்டவெளிச்சமாயிற்று. அதன்பின் மூன்றாவது பகுதிக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள். அங்கேயும் நோய் குறைந்தது.

அதன் பலனாக 1962-ல் இந்திய சர்க்கார் தேசியக் கழலை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஊசி இல்லை. மாத்திரை இல்லை. தினமும் சாப்பிடும் உப்பே மருந்தாயிற்று.

சட்டம் வந்தது, போனது, வந்தது

அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று 1998-ல் நாடு முழுவதும் தடை வந்தது. “எந்த உப்பைச் சாப்பிடுவது என்பது அவரவர் இஷ்டம். சர்க்கார் கட்டாயப்படுத்தக் கூடாது” என்று சிலர் வாதாடினார்கள். சிறிய உப்பள முதலாளிகளுக்குச் செலவு கூடும் என்ற கவலையும் இருந்தது. 2000-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் தடையை நீக்கியது. வீடுகளில் அயோடின் உப்பின் உபயோகம் குறைந்தது. 2006-ல் தடை மறுபடியும் வந்தது. உணவுப் பாதுகாப்பு விதிகளில் அது இன்றும் இருக்கிறது.

விதி சொல்வது இதுதான். மக்கள் கடையில் வாங்கும் சாப்பாட்டு உப்பில், கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடினாவது இருக்க வேண்டும்.

அவரவர் இஷ்டம் என்ற வாதம் பெரியவர்களுக்குப் பொருந்தலாம். வயிற்றில் இருக்கும் சிசு எந்தக் கடையில் போய்த் தன் இஷ்டத்தைச் சொல்லும்? சிறிய உப்பளக்காரரின் கஷ்டம் உண்மையானது. அதற்கு அயோடின் தெளிக்கும் கருவியும் கடனும் கொடுத்து உதவுவதே வழி. பிள்ளைகளுக்கு வெறும் உப்பைப் போடுவது வழி அல்ல.

தமிழ்நாடு எங்கே நிற்கிறது?

இனி வருவது வருத்தமான செய்தி.

2018-19-ல் இந்தியா முழுவதும் வீட்டு உப்பைச் சோதித்தார்கள். போதிய அயோடின் உள்ள உப்பு நாட்டில் 100-க்கு 76 வீடுகளில் இருந்தது. காஷ்மீரத்தில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருந்தது. தமிழ்நாட்டில்? 61.9 சதவீதம். எல்லா மாநிலங்களிலும் கடைசி இடம்!

அதாவது, 100 வீடுகளில் 38 வீடுகளின் உப்பில் போதிய அயோடின் இல்லை.

தூத்துக்குடி நம்முடையது. வேதாரண்யம் நம்முடையது. மரக்காணம் நம்முடையது. உப்பு விளைவதில் முன்னணியில் நிற்கும் மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு. உப்பு விளையும் நாட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல உப்பு கிடைக்கவில்லை என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம். திருவண்ணாமலையும் அந்தத் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது.

காரணம் என்ன? நம் வீடுகளில் கல் உப்பு பழக்கம். கல் உப்பு தவறு அல்ல. அயோடின் சேர்த்த கல் உப்பும் விற்கிறது. ஆனால் சாக்கு மூட்டையைப் பிரித்து, படியால் அளந்து போடும் உப்பில் அயோடின் உண்டா, இல்லையா என்று யாருக்குத் தெரியும்? தோல் பதனிடவும், கருவாடு போடவும், மாட்டுக்கு வைக்கவும் வெறும் உப்பை விற்கலாம். அந்த உப்பே சில சமயம் அடுப்படிக்கும் வந்துவிடுகிறது.

இப்போது இந்துப்பு மோகமும் பரவி இருக்கிறது. விலை அதிகம் என்பதால் சத்தும் அதிகம் என்று நினைக்கிறார்கள். தனியாகச் சேர்த்தால் ஒழிய, அதிலும் போதிய அயோடின் கிடையாது.

பழைய காலத்தில் கண்ட பெரிய பெரிய கழலைகளை இன்று அதிகம் காண முடிவதில்லை. அது அயோடின் உப்பு செய்த நன்மை. நோய் போய்விட்டது என்று உப்பை மாற்றினால், போன நோய் திரும்பி வரும். மண்ணில் உள்ள குறை அப்படியேதான் இருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு.

உப்புப் பொட்டலத்தில் “அயோடின் சேர்த்தது” என்று எழுதி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். முதியோர் கல்வியில் எழுத்துக் கற்ற பாட்டியும் இதைப் படித்துவிடலாம். தயாரித்த தேதியையும் பாருங்கள். பழைய சரக்கு வேண்டாம்.

உப்பை மூடி உள்ள ஜாடியில் வையுங்கள். திறந்த மரவையில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் சூட்டிலும் ஈரத்திலும் அயோடின் போய்விடும். வெயிலிலும் வைக்க வேண்டாம்.

கல் உப்பைக் கழுவ வேண்டாம். அயோடின் மேலேதான் தெளிக்கப்பட்டிருக்கிறது. கழுவினால் தண்ணீரோடு போய்விடும். குழம்பு கொதித்து இறக்கும் சமயத்தில் உப்பைப் போடுவது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. அயோடின் நல்லது என்று உப்பை அள்ளிப் போடக் கூடாது. உப்பு மிகுந்தால் ரத்தக்கொதிப்பு வரும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சாப்பிடும் உப்பு அளவாக இருக்கட்டும். அந்த உப்பு அயோடின் உப்பாக இருக்கட்டும்.

கழுத்து வீங்கினால்

பிள்ளையின் கழுத்தில் வீக்கம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அலட்சியமும் வேண்டாம். கயிறு கட்டிக் காலத்தைக் கடத்தக் கூடாது. பச்சிலை அரைத்துப் பற்றுப் போட்டாலும் குணம் ஆகாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ அழைத்துப் போங்கள். ரத்தத்தைச் சோதித்தால் விஷயம் தெரியும்.

எல்லா வீக்கமும் அயோடின் குறையால் வருவது அல்ல. அயோடின் போதிய அளவு சாப்பிடுபவருக்கும் வேறு காரணங்களால் தைராய்டு கெடலாம். ஆகையால் டாக்டரைக் கேட்காமல் அயோடின் மருந்து எதையும் கொடுக்கக் கூடாது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதைத் தவறாமல் கொடுக்க வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது.

கழுத்தைச் சோதிக்க டாக்டர்கள் ஒரு சுலபமான கணக்கு வைத்திருக்கிறார்கள். சுரப்பியின் ஒரு பக்கம், அந்தப் பிள்ளையின் கட்டை விரல் நுனிக் கணுவைவிடப் பெரிதாகத் தட்டுப்பட்டால் வீக்கம் உண்டு. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 5 பேருக்கு மேல் இப்படி இருந்தால், அந்த ஊருக்கே அயோடின் குறை உண்டு என்று வைத்துக்கொள்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளின் கழுத்து ஊரின் உப்பைக் காட்டிக் கொடுத்துவிடும்!

ஊர் செய்ய வேண்டியது

இது தாய்மார்களின் வேலை மட்டும் அல்ல.

மளிகைக் கடைக்காரர்கள் சாப்பாட்டுக்கு வெறும் உப்பை விற்கக் கூடாது. மாட்டுக்கு விற்கும் உப்பைத் தனியாக வைத்து, “சாப்பாட்டுக்கு அல்ல” என்று பலகை மாட்ட வேண்டும். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் பலகாரக் கடையில் சாயத்தைத் தேடுவதுபோல், மளிகைக் கடையில் உப்பையும் சோதிக்க வேண்டும்.

அன்னதானம் நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். வெளியூர் ஜனங்கள் ஒரு வேளை சாப்பிட்டுப் போகலாம். உள்ளூர் ஏழைப் பிள்ளைகள் பல நாள் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். அரிசியைப் பார்த்து வாங்குவதுபோல் உப்பையும் பார்த்து வாங்குங்கள். “உப்பிட்டவரை உள்ளளவும் நினை” என்பது பழமொழி. இடுகிற உப்பு நல்ல உப்பாக இருந்தால், பிள்ளை வளர்ந்த பிறகும் அந்தப் புண்ணியம் நிற்கும்.

பள்ளிக்கூடங்களில் ஒரு வசதி உண்டு. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி டாக்டர்கள் பள்ளிக்கு வந்து பிள்ளைகளைச் சோதிக்கிறார்கள். அவர்கள் தேடும் 30 குறைகளில் கழுத்துக் கழலையும் ஒன்று. டாக்டர் வரும் நாளில் பிள்ளை பள்ளிக்கு வரும்படி ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். உப்பைச் சோதிக்கும் சிறிய பெட்டியும் உண்டு. ஒரு சிட்டிகை உப்பில் ஒரு சொட்டு விட்டால் போதும். அயோடின் இருந்தால் உப்பு நீலமாக மாறும். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் அந்தப் பெட்டி இருக்க வேண்டும். பிள்ளைகள் வீட்டிலிருந்து ஒரு சிட்டிகை உப்பைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவரட்டும். தன் வீட்டு உப்பு நீலமாகவில்லை என்றால், அந்தப் பிள்ளையே போய் அம்மாவிடம் சொல்லும். அதிகாரி சொல்வதைவிடப் பிள்ளை சொல்வது வீட்டில் எடுபடும்.

மலை மேல் இருக்கும் ஊர்களை மறந்துவிடக் கூடாது. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஜவ்வாது மலை இருக்கிறது. அங்கே சிறு கடைகளுக்குப் போகும் உப்பும் அயோடின் உப்பாக இருக்க வேண்டும். ரேஷன் கடையில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்புப் பொட்டலம் தட்டுப்பாடு இல்லாமல் கிடைத்தால் ஏழைகளுக்கு அது பெரிய உதவி.

இதற்கெல்லாம் ஆகும் செலவு மிகக் குறைவு. ஒருவருடைய உப்பில் ஒரு வருஷத்துக்கு அயோடின் சேர்க்க ஆகும் செலவு, ஒரு கோப்பை டீயின் விலைகூட இல்லை. புத்தகம் வாங்கக் கடன் வாங்குகிறோம். டியூஷனுக்குப் பணம் கட்டுகிறோம். படித்தது மனதில் நிற்க வேண்டும் என்று சாமியை வேண்டுகிறோம். அதோடு, நாளைக்குக் கடைக்குப் போகும்போது உப்புப் பொட்டலத்தைத் திருப்பி, அதில் உள்ள எழுத்தைப் படித்துவிட்டு வாங்குவோம்.